கொள்ளையரும் மிருகங்களும் வாழ்ந்த இடம்

தேடிப் போனாலொழியக் கண்ணில் படாத ஊர் லாஸ்டிங்ஹாம். வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மேட்டு நிலத்தின் தெற்கு விளிம்பில், பள்ளத்தில் ஒளிந்து கிடக்கிறது. சில கல் வீடுகள், ஓர் ஓடை, புனித மேரி தேவாலயம், அதற்கு எதிரிலேயே மதுக்கடை. (குடும்பம் பெரிது, வருமானம் சிறிது என்பதால் 18ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் ஒருவரின் மனைவிதான் கடையை நடத்தினார் என்பது ஊர்க்கதை.)

கொள்ளையரும் காட்டு மிருகங்களும் மட்டுமே தங்கக்கூடிய குன்றுகள் என்பதாலேயே, கி.பி. 654 வாக்கில் செட் என்ற துறவி மடம் அமைக்க இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 731இல் எழுதி முடித்த வரலாற்றில் பீட் தரும் தகவல் இது. தனிமை காப்பாற்றவில்லை. 664இல் செட் கொள்ளைநோயில் இறந்தார். அவர் உடலருகே வாழ்ந்து மடிய எஸ்ஸெக்ஸிலிருந்து சுமார் 30 துறவிகள் வந்தார்கள். பிழைத்தது ஒரு சிறுவன் மட்டுமே.

நார்மன் ஆட்சியில், 1078இல், விட்பியிலிருந்து வந்த ஸ்டீபன் என்ற மடாதிபதி இங்கே பெரிய ஆலயம் எழுப்பத் தொடங்கினார். பத்தாண்டுகள்கூடத் தாங்கவில்லை, வேலையைப் பாதியில் விட்டு யார்க் நகருக்குப் போய்விட்டார்கள். ஆனால் நிலவறை முடிந்திருந்தது. இன்று பார்க்க வேண்டியது அதைத்தான். மேலே உள்ள ஆலயம் பலமுறை மாறியது. கடைசியாக 1879இல் பியர்சன் என்ற கட்டடக் கலைஞர் அதற்கு வளைவுக் கூரை போட்டார். நடுக்கூடத்துப் படிகளில் இறங்கினால் குட்டையான பருத்த தூண்கள், தாழ்ந்த கல் வளைவுகள், பக்கக் கூடங்கள், கிழக்கே அரைவட்டப் பலிபீடப் பகுதி. பூமிக்கடியில் முழுமையான ஒரு தேவாலயம். பலிபீடத்தின் வலப்புறத்தில் செட்டை அடக்கம் செய்ததாக பீட் எழுதியிருக்கிறார்.