வடக்குப்பட்டும் ‘வடக்கனும்’

காஞ்சி மாவட்டத்தில், ஒரகடத்தை அடுத்து, வடக்குப்பட்டு என்றோர் ஊர். பெயரிலேயே வடக்கைத் தாங்கி நிற்கும் ஊர். 2022இல் அங்கே மண்ணைத் தோண்டினர், தொல்லியல் துறையினர். கற்கருவிகள் கிடைத்தன, ரோமாபுரிச் சாடியின் உடைந்த ஓடுகளும் கிடைத்தன. “பார், கடல் கடந்தும் உறவு கொண்டான் தமிழன்!” என்று பூரித்தோம். பூரிக்கத்தான் வேண்டும்.

ஆனால், அதே ஒரகடத்துச் சாலையில், வேலை முடிந்து களைத்து வரும் பீகார் இளைஞனைக் கண்டால்? ‘வடக்கன்’ என்கிறோம். நம் பிழைப்பைப் பறிக்க வந்தவன் என்கிறோம். எங்கோ ஒரு திருட்டு என்றால், முதலில் அவன் முகத்தைத்தான் பார்க்கிறோம். உடைந்த ஓட்டுக்கு வரவேற்பு. உயிருள்ள மனிதனுக்கு வெறுப்பு!

ஏன் இந்த வெறுப்பு? அவன் செய்த தீங்கு என்ன?

உளநூல் அறிஞர் ஹென்றி டாஜ்ஃபெல், நாஜிகளின் கொடுமைக்குக் குடும்பத்தைப் பறிகொடுத்த யூதர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளிச் சிறுவர்களிடம் அவர் நடத்திய சோதனை 1970இல் வெளியாயிற்று. திரையில் தோன்றிய புள்ளிகளை எண்ணச் சொல்லி, மிகுத்துச் சொன்னவர் ஒரு கூட்டம், குறைத்துச் சொன்னவர் ஒரு கூட்டம் என்று பெயருக்குப் பிரித்தார். பகையில்லை, யார் எந்தக் கூட்டம் என்பதும் தெரியாது. ஆயினும் காசைப் பங்கிடச் சொன்னபோது, தன் கூட்டத்துக்கே மிகுதியாகத் தந்தனர்! வெறும் புள்ளிக்கே இந்தப் பாடென்றால், தொட்டிலிலேயே ஊட்டப்படும் சாதிக்கு? பிறர் பேசும் மொழிக்கு?

“அப்படியானால் இது பிறவிக் குணம், மாற்ற முடியாது” என்பர் சிலர். தவறு! 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், முசாபர் ஷெரீப் என்பார் 22 சிறுவர்களை இரு கூட்டமாக்கிப் போட்டியில் இறக்கினார். ஒருவர் கொடியை மற்றவர் கொளுத்தும் பகை மூண்டது. உடன் உட்கார்ந்து உண்ண வைத்தார், சண்டைதான் வளர்ந்தது. பிறகு இரு கூட்டத்துக்கும் குடிநீர் நின்றது. சேர்ந்து தேடினர், சேர்ந்து உழைத்தனர். ஊர் திரும்பும்போது ஒரே பேருந்தில் செல்லவே விரும்பினர்.

2023 மார்ச்சை மறந்துவிட்டோமா? தமிழகத்தில் பீகார்த் தொழிலாளரைத் தாக்குகிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரவின. ஒன்று பீகார்த் தொழிலாளர் தமக்குள் மோதியது, மற்றொன்று கோவையில் உள்ளூரார் மோதியது என்று காவல்துறை விளக்கியது. ஆயினும் அஞ்சினர் பலர். பீகார் அரசு குழுவே அனுப்பியது. ‘தமிழன் கொடியவன்’ என்பதை அங்கே எளிதில் நம்பினார்கள், ‘வடக்கன் திருடன்’ என்பதை இங்கே நாம் நம்புவது போலவே!

டில்லியின் ஆதிக்கத்தை எதிர்த்தோம், எதிர்ப்போம். ஆனால் ஆதிக்கம் வேறு. அரை வயிற்றோடு ரயிலேறி வந்தவன் வேறு. அவனைக் குறைந்த கூலிக்கு அமர்த்தி ஆதாயம் காண்பவன் ஒப்பந்தக்காரன். நம் கோபமோ கூலிக்காரன் மீது!

ஒரே வேலைக்கு ஒரே கூலி கேட்போம், இருவருக்கும் சேர்த்து. ஒரே சங்கத்தில் அமர்வோம். அதுவே நம் ‘நின்றுபோன குடிநீர்’. அதற்கு முன், தோழர்களே, இன்றே ஒன்று செய்யலாம். பக்கத்து இயந்திரத்தில் நிற்பவனை ‘வடக்கன்’ என்னாதீர். பெயர் என்ன என்று கேளுங்கள்!