காற்றுக்குள் ஒரு குரல்

நுழையும்முன்

பேசுவதற்குக் காற்று வேண்டும். பேசியதைப் பதிவு செய்வதற்கோ காற்று அடங்க வேண்டும். ஓடும் வண்டியில், தலைக்கவசத்துக்குள் ஒலிக்கும் குரலைத் தெளிவாகப் பதிவு செய்யும் வழிகளையும் அவற்றின் பின்னுள்ள அறிவியலையும் விளக்குகிறது இப்பாடம்.

திருவண்ணாமலைக் கோயிலிலிருந்து செங்கம் சாலையில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில் ரமணாசிரமம் அமைந்துள்ளது. மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இப்பகுதியும் அடங்கும். அப்பாதையில் திசைக்கு ஒன்றாக எட்டு லிங்கங்கள் உள்ளன; காற்றின் பெயர் தாங்கிய வாயு லிங்கமும் அவற்றுள் ஒன்று.

இவ்வழியில் காணும் குளங்களையும் மண்டபங்களையும் பற்றி, இருசக்கர வண்டியில் சென்றவாறே ஒருவர் வருணித்துப் பதிவு செய்கிறார் எனக் கொள்வோம். அவருடைய தலைக்கவசத்துக்குள் சிறிய ஒலிவாங்கி ஒன்று உள்ளது. வீடு திரும்பிக் கேட்கும்போது, ஆசிரம வாயிலில் வண்டியை நிறுத்திப் பேசிய பகுதி மட்டும் மயிலின் அகவலோடு தெளிவாக ஒலிக்கிறது. வண்டி ஓடிய நேரமெல்லாம் வெறும் இரைச்சலே எஞ்சுகிறது. சொன்ன செய்திகள் காற்றோடு போயின. இவ்விழப்பைத் தவிர்க்க, இரைச்சல் பிறக்கும் விதத்தை முதலில் அறிய வேண்டும்.

இரைச்சலின் பிறப்பு

உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை ஆகிய இடங்களில் நின்று, இதழ், நா, பல், அண்ணம் முதலிய உறுப்புகளின் முயற்சியால் எழுத்தொலியாகிறது என்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் விளக்குகிறது. இவ்வாறு பிறந்த ஒலி, காற்றில் நுண்ணிய அழுத்த மாற்றமாகப் பரவுகிறது. ஒலிவாங்கியின் மெல்லிய சவ்வு அம்மாற்றத்திற்கேற்ப அதிர்ந்து, அதை மின்குறிப்பாக மாற்றுகிறது.

ஆனால், அச்சவ்வுக்குக் குரலையும் காற்றையும் பிரித்தறியத் தெரியாது. வேகமாக வரும் காற்று தலைக்கவசத்தின் விளிம்புகளில் மோதிச் சிறு சுழல்களாகச் சிதறுகிறது. இச்சுழல்கள் இருவகையில் தொல்லை தருகின்றன. கவசத்தைச் சுற்றி எழுப்பும் ஓசை உள்ளே புகுவது ஒன்று. சுழல்களே சவ்வின்மீது நேரடியாக மோதுவது மற்றொன்று. பதிவில் 'கடகட'வெனக் கேட்பது பெரும்பாலும் இரண்டாம் வகையே.

வேகத்தின் கணக்கு

காற்று மோதும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கேற்ப உயரும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 42 பாஸ்கலாக இருக்கும் அழுத்தம், 60 கிலோமீட்டர் வேகத்தில் 167 பாஸ்கலாகிறது. வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும்.

இயல்பான பேச்சோ, 1 மீட்டர் தொலைவில் 0.02 பாஸ்கல் அளவே அழுத்தம் தருகிறது. வாயிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 0.4 பாஸ்கலாகும். எனவே, 167 பாஸ்கலில் நூற்றில் ஒரு பங்கு ஏறியிறங்கினாலும் குரல் அமிழ்ந்துவிடும். வேகத்தைக் குறைப்பதே செலவில்லாத முதல் தீர்வு என்பது இதனால் விளங்கும்.

காற்றைத் தடுத்தல்

ஒலியை விட்டுவிட்டுக் காற்றை மட்டும் தடுக்க இயலுமா? இயலும். கடற்கரை ஊர்களில் சவுக்கு மரங்களை வரிசையாக நடுவதுண்டு. கெட்டியான சுவரில் மோதிய காற்று அதன் பின்புறம் சுழன்றடிக்கும். இடைவெளியுள்ள மரவரிசையோ காற்றை ஊடுருவவிட்டு, மெல்லத் தளர்த்தும். நுரைப்பஞ்சு உறை செய்வதும் இதுவே. அதன் நுண்துளைகளில் புகுந்த காற்று வேகமிழக்கிறது; துளைகளைவிட மிக நீண்ட ஒலியலைகளோ எளிதில் கடந்து செல்கின்றன. உறையின்மேல் மயிர்போன்ற இழைகள் அடர்ந்த துணியைப் போர்த்தினால் பயன் மேலும் கூடும்.

உறையைப் போலவே இடமும் இன்றியமையாதது. முகம் முழுவதையும் மூடும் கவசத்தில், தாடைப்பகுதியின் உட்புறம், வாயின் ஓரத்தில் ஒலிவாங்கி இருப்பது நன்று. வாய்க்கு நேர் எதிரே வைத்தால், இதழ்களைத் திறந்து ஒலிக்கும் 'ப' போன்ற எழுத்துகளின் மூச்சே சவ்வைத் தாக்கும். முகக்கண்ணாடியை மூடுவதும், தாடையின் கீழுள்ள திறப்பில் துணித்திரை பொருத்துவதும் உள்ளே புகும் காற்றைக் குறைக்கும்.

தெரிந்து தெளிவோம்

1962ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் ஆகியோர் எலெக்ட்ரெட் வகை ஒலிவாங்கியை உருவாக்கினர். சட்டையில் செருகும் சிறிய ஒலிவாங்கிகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

வடிப்பானின் எல்லை

காற்றிரைச்சலின் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்களில் அமைகிறது. சொற்களைப் பிரித்தறிய உதவும் ஒலிகளோ பெரும்பாலும் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான எல்லைக்குள் அடங்கும். தொலைபேசி நெடுங்காலம் இவ்வெல்லையைக் கொண்டே இயங்கியது. ஆகவே, ஏறத்தாழ 100 ஹெர்ட்சுக்குக் கீழுள்ளவற்றை வடிப்பானால் நீக்கினால் குரல் ஓரளவு தெளிவடையும்.

எனினும், இரைச்சல் கருவியின் தாங்கும் அளவை மீறிவிட்டால், அவ்விடத்தில் குரலின் வடிவமே வெட்டுண்டுவிடும். பதிவாகாத சொல்லை எந்த மென்பொருளும் உள்ளபடி மீட்டுத் தராது. ஆகையால், பதிவின் அளவைத் தாழ்த்தி வைப்பதும், அரை நிமிடம் பதிவு செய்து, வண்டியை நிறுத்திக் கேட்டுப் பார்ப்பதும் நல்ல முன்னெச்சரிக்கைகளாகும்.

செவியும் உயிரும்

ஒலிவாங்கி படும் துன்பத்தில் ஒரு பங்கு செவிக்கும் உண்டு. நெடுஞ்சாலை வேகத்தில் தலைக்கவசத்துக்குள் 90 டெசிபெல்லைக் கடந்த ஓசை நிலவக்கூடும். 85 டெசிபெல் ஓசையை 8 மணி நேரம் கேட்பதும், 94 டெசிபெல் ஓசையை 1 மணி நேரம் கேட்பதும் செவிக்கு ஒத்த சுமையாகக் கருதப்படுகின்றன. காற்றுப் புகும் வழிகளை அடைப்பதும் மெல்லச் செல்வதும் பதிவோடு செவியையும் காக்கும்.

தலைக்கவசம் ஒலிப்பதிவுக் கூடமன்று, உயிர்காக்கும் கருவி. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு அதை அணிவதைக் கட்டாயமாக்குகிறது. மோதலின் விசையைத் தாங்குவது அதன் உட்புறத்திலுள்ள கெட்டியான நுரை அடுக்கே. ஒலிவாங்கிக்காக அதைக் குடைவதும், தலைக்கும் அவ்வடுக்குக்கும் இடையே கடினமான பொருளைச் செருகுவதும் கூடா. ஓட்டும்போது கருவியைத் தொடுவதையும் தவிர்க்க வேண்டும். கிரிவலப் பாதை நடந்து செல்வோர் மிகுந்த பாதை. அங்குக் கவனம் சிதறினால் பிறர் உயிருக்கும் ஊறு நேரும்.

இவ்வுண்மைகளை அறிய மாணவர் வண்டி ஓட்ட வேண்டியதில்லை. மின்விசிறியின் முன் கைப்பேசியை வைத்து ஒரு பத்தியைப் படித்துப் பதிவு செய்யலாம். பின்னர், ஒலிவாங்கியின் துளையை நுரைப்பஞ்சால் மூடியும், விசிறியின் வேகத்தைக் குறைத்தும் அதே பத்தியை மீண்டும் பதிவு செய்து ஒப்பிடலாம். மூன்று பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டாலே வேறுபாடு புலப்படும்.

ஓடும் வண்டியில் பேசியதைவிட, ஆசிரம வாயிலில் நின்று பேசியதே தெளிவாகப் பதிந்தது. எவ்வளவு சிறந்த உறையும் அந்த நிறுத்தத்திற்கு ஈடாகாது. சொல்லத்தக்க செய்தி எதிர்ப்படும்போது வண்டியை ஓரமாக நிறுத்திப் பேசுவதே குரலுக்கும் செவிக்கும் உயிருக்கும் நன்மை பயப்பதாகும்.