ஜன்னல் கண்ணாடியை உடைத்தது யார்? பழி சுமந்த பையன்!

சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு மாடி வீடு. கத்திரி வெயில் கொளுத்திய பிற்பகலில் 'டப்'பென்று ஒரு சத்தம். மேற்குப் பார்த்த ஜன்னல் கண்ணாடியில் நீளமாக விரிசல்!

கீழே தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் கேட்கவா வேண்டும்? எதிர்வீட்டுப் பையனுக்கு அவன் அப்பாவிடம் முதுகில் இரண்டு அறை. பந்தும் பறிமுதல். "நான் அடிக்கலே சார், பந்து என் கையிலேதான் இருந்துச்சு" என்று அவன் அழுதது யார் காதிலும் ஏறவில்லை.

மறுநாள் கண்ணாடி மாற்ற வந்த கடைக்காரர் பார்த்ததுமே சொன்னார்: "இது பந்து பட்டது இல்லே சார். பட்டிருந்தா, பட்ட இடத்திலேர்ந்து நாலா பக்கமும் கீறல் ஓடும். இது ஓரத்திலே நேரா கிளம்பி, அப்புறம் வளைஞ்சு போவுது பாருங்க. வெயில்லே விட்டது!"

வெயிலுக்குக் கண்ணாடி உடையுமா? உடையும். நடுப்பகுதி சூடேறி விரியும். சட்டத்துக்குள் மறைந்திருக்கும் ஓரம் அந்த அளவு சூடாகாது. விரிகிற நடுப்பகுதி ஓரத்தை இழுக்கும். வெட்டும்போது ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். கழற்றிப் பார்த்தால், சில்லு இருந்தது!

போதாக்குறைக்கு, கண்ணாடியின் உள்பக்கம் பாதிக்குக் கறுப்புக் காகிதம். அது வெயிலை வாங்கிச் சூடாகி, கண்ணாடியையும் சூடாக்கிவிட்டது. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதென்று போன வாரம் அதை ஒட்டியவர் சாட்சாத் வீட்டுக்காரரேதான்!

புதுக் கண்ணாடியின் ஓரத்தைத் தேய்த்து, சுற்றிலும் கொஞ்சம் இடைவெளி விட்டு மாட்டியாகிவிட்டது. காகிதம் போய், வெளிப்பக்கம் தட்டி வந்துவிட்டது. பந்தை வீட்டுக்காரரே எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.