வானில் விரித்த வலை

மாமல்லபுரத்துக் கடற்கரையில் மீனவர்கள் வலைகளைக் குவித்து வைத்திருப்பதைப் பார்த்திராதவர் நம்மில் எவர்? ஆயினும் அக்குவியலில் ஒரு சிற்பத்தைக் கண்டவர் நம்மவரல்லர். ஜேனட் எக்கல்மன் என்னும் அமெரிக்க மாதரசியார்.

1997-ஆம் ஆண்டு ஓவியக் கண்காட்சி நடத்துவதாக வாக்களித்து அவர் இந்தியா வந்திருந்தார். அனுப்பிய வர்ணங்களோ வந்து சேரவில்லை. சிற்பிகள் நிறைந்த ஊராயிற்றே என்று வெண்கல வார்ப்பில் இறங்கினார். பளுவும் செலவும் கட்டுப்படியாகவில்லை. அவ்வேளையில்தான் கரையிலிருந்த வலைக்குவியல் அவர் கண்ணிற்பட்டது. கனமில்லாமலே பருமன் உண்டாக்கலாம் என்ற எண்ணம் உதித்தது. மீனவருடன் கூடி வலைச் சிற்பங்கள் செய்து கம்பங்களில் ஏற்றினார். காற்று அசையுந்தோறும் அவை உருமாறின.

2005-இல் போர்ச்சுகல் நாட்டுப் போர்ட்டோ நகரை அடுத்த கடற்கரையில், சாலை வட்டத்தின் மேல், பெரியதொரு வலை எஃகு வளையத்திலிருந்து தொங்கவிடப்பட்டது. வெயிலுக்கு நையாமல், உப்புக்கும் புகைக்கும் ஈடுகொடுத்து, அதே சமயம் காற்றுக்கு இளகி ஆடக்கூடிய நூலைத் தேடவே இரண்டாண்டுகள் ஆயினவாம். நெசவாளர் இதைக் கேட்டு வியப்படையமாட்டார்கள். நூல் தவறினால் எல்லாம் தவறும்.

2014 மார்ச்சில் கனடாவின் வான்கூவர் நகரில் கட்டடங்களுக்கிடையே 745 அடி நீளத்துக்கு ஒரு வலை விரிந்தது. இதில் ஆரன் கோப்ளின் என்பவரும் கூட்டாளி. இருட்டியதும் வழிப்போக்கர் தத்தம் கைத்தொலைபேசியில் விரலை இழுக்க, தலைக்குமேல் வலையில் ஒளிக்கோடுகள் ஓடின. ஒருவர் இழுத்த கோட்டின்மீது முன்பின் அறியாத இன்னொருவரின் கோடு வந்து கலந்தது. முடிச்சுகளில் இயந்திரம் போட்டவையும் உண்டு, கையால் போட்டவையும் உண்டு. விசைத்தறியோடு வழக்காடிவரும் நமக்கு இந்தப் பங்கீடு யோசிக்கத் தக்கது.

இதனால் எவர் வீட்டு உலை கொதிக்கும் என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. ஆனால் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 2009-இல் அமைந்த வலையைப் பற்றி எக்கல்மன் ஒன்று சொல்லியிருக்கிறார்: கலையில் நாட்டமே இல்லாத வழக்கறிஞர் ஒருவர் உடன் பணிபுரிவோரை வெளியே அழைத்து வந்தாராம், அலுவலக உடையோடு எல்லோரும் புல்தரையில் மல்லாந்து படுத்து, காற்று வலையில் வரையும் கோலத்தைப் பார்த்திருந்தனராம். மீனுக்கு விரிக்கும் பொருள் மனிதரை இவ்வாறு நிறுத்தி வைத்ததை அற்பமென்று தள்ள நமக்கு மனமில்லை.

ஒரு குறை மட்டும் நமக்குண்டு. உலகெங்கும் வழங்குவது கலைஞரின் பெயரே. மாமல்லபுரத்தில் உடனிருந்து முடிச்சுப் போட்டவர்களின் பெயர்கள் அவ்வாறு வழங்கவில்லை. அவரைக் குறை கூறுவதற்கில்லை. அம்மீனவரை மேடையில் நன்றியோடு நினைவுகூர்ந்தவரே அவர். நம் சங்கத்து விற்பனைச் சாலையில் தொங்கும் சேலைச் சீட்டிலும் சங்கத்தின் பெயர் உண்டு, விலை உண்டு. நெய்தவர் பெயர் இல்லை.