தானியமணியின் பெயர் தாங்கிய கிருமிகள்

1898இல் பெங்களூரைப் பிளேக் தாக்கிய பின், நெரிசலைக் குறைப்பதற்காகக் கண்டோன்மென்ட் பகுதியில் புதிய குடியிருப்புகள் எழுந்தன. அந்நோய்க்குக் காரணமென 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் கண்டறிந்த பிளேக் கிருமி, முழு உருண்டையும் அன்று, நீண்ட கோலும் அன்று என்பதால், நுண்ணுயிரியல் நூல்கள் அதனைக் 'காக்கோபேசில்லஸ்' என்னும் வடிவ வகையில் வைக்கின்றன. இதில் 'பேசில்லஸ்' என்பது சிறுகோலைக் குறிக்கும் லத்தீன் சொல். 'காக்கஸ்' என்பதோ தானியமணியையும் விதையையும் சுட்டும் 'கொக்கோஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்து, உருண்டை வடிவப் பாக்டீரியாக்களுக்குப் பொதுப்பெயராயிற்று.

இம்மணிகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு குறுக்களவே உடையன எனினும், அவை பிரிந்து பெருகும்போது ஒட்டிக்கொண்டு நிற்கும் விதமே அடுத்தடுத்த பெயர்களைத் தந்தது. சங்கிலியாக நீண்டவற்றைத் தியோடர் பில்ராத் 1874இல் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்றார். கட்டிகளின் சீழை நுண்ணோக்கியில் ஆராய்ந்த ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், கொத்துக் கொத்தாகக் கிடந்தவற்றுக்குத் திராட்சைக் குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை முன்னே சேர்த்து, 1882இல் 'ஸ்டெஃபிலோகாக்கஸ்' என்று பெயரிட்டார். கண்ணால் கண்டதையே பெயராக்கிய இத்தெளிவு அறிவியல் கலைச்சொற்களில் எப்போதும் வாய்ப்பதன்று. பிளேக் கிருமிக்கோ வடிவம் பெயராகவில்லை. கண்டறிந்தவரின் நினைவாக அது 'யெர்சினியா பெஸ்டிஸ்' என்றே வழங்கப்படுகிறது.