எண்ணெயைத் தின்றது யார்?

டீசல் கொட்டிய மண்ணைச் சில மாதம் கழித்துச் சோதித்தால் பாதி எண்ணெயைக் காணோம். மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் தின்றுவிட்டனவா? லேசான பகுதி ஆவியாகியிருக்கலாம். மழை அடித்துப் போயிருக்கலாம். மண்துகளில் இறுகிக்கொண்டு கரைப்பானுக்கே பிடிபடாமல் இருக்கலாம். குறைந்ததையெல்லாம் பாக்டீரியா கணக்கில் எழுதுவது, பால் குறைந்தபோதெல்லாம் பூனையை அடிப்பது மாதிரி.

ஆய்வகத்தில் இதற்கு வழி உண்டு. மண்ணும் எண்ணெயும் கலந்து மூடிய ஜாடிக்குள் காரக் கரைசலை ஒரு குப்பியில் வைப்பார்கள். நுண்ணுயிரிகள் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடைக் காரம் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் படாத மண்ணும் தன் மக்கைத் தின்று மூச்சுவிடும் என்பதால் எண்ணெயில்லா ஜாடி ஒன்று வேண்டும். உயிரில்லாமலே எவ்வளவு குறைகிறது என்று பார்க்க, நுண்ணுயிரிகளைக் கொன்றுவிட்டு எண்ணெய் சேர்த்த ஜாடி இன்னொன்றும் வேண்டும். ஐயம் தீராதவர்கள் கார்பன்-14 ஏற்றிய ஹைட்ரோகார்பனைக் கொடுப்பார்கள். வரும் கார்பன் டை ஆக்சைடில் கதிரியக்கம் இருந்தால் எண்ணெய் செரிக்கப்பட்டது உறுதி.

திறந்த வெளியில் ஜாடி ஏது? 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் மோதி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. கரையிலிருந்த பாக்டீரியாக்களுக்குத் தீனி ஏராளம், நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் பஞ்சம். எனவே கூழாங்கல் கரைகளில் உரம் போட்டார்கள். பலனை எப்படி அளப்பது? ஒரு கல்லில் எண்ணெய் அப்பியிருக்கும், பக்கத்துக் கல்லில் பூசினாற்போல் இருக்கும்.

அதனால் எண்ணெய்க்குள்ளேயே ஓர் அளவுகோலைத் தேடினார்கள். அதிலுள்ள ஆக்டாடெக்கேன், பைட்டேன் என்ற இரண்டு ஹைட்ரோகார்பன்களும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஆவியாகும். முன்னது நேர்ச்சங்கிலி, பாக்டீரியா அதைத்தான் முதலில் தின்னும். எனவே இரண்டின் விகிதம் சரிந்தால் தின்றதற்குச் சாட்சி. ஆனால் பாக்டீரியாக்கள் பைட்டேனிலும் வாய்வைத்தன! அளவுகோலே தேய்ந்தால் அளப்பது எப்படி?

கைகொடுத்தது ஹோப்பேன். கச்சா எண்ணெயிலேயே இருக்கும், வளையங்கள் கோத்த இந்த மூலக்கூறை நுண்ணுயிரிகள் எளிதில் தொடுவதில்லை. மற்றவை குறையக் குறைய எஞ்சிய எண்ணெயில் இதன் பங்கு ஏறும். இரட்டிப்பானால் பாதி எண்ணெய் போய்விட்டது என்று பொருள். இந்த ஹோப்பேன் எங்கிருந்து வந்தது தெரியுமா? பல கோடி ஆண்டுகளுக்கு முன் மடிந்த பாக்டீரியாக்களின் செல்சவ்விலிருந்து!

இந்த அளவுகோலை வைத்து 1994-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, உரம் உண்மையிலேயே சிதைவை வேகப்படுத்தியது என்றது. எழுதியவர்களில் கப்பலுக்குச் சொந்தமான எக்ஸான் நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் உண்டு. அளவுகோல் உறுதியாக இருக்கவேண்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

எண்ணெய் தின்னும் கிருமி என்று யாராவது பொட்டலம் விற்க வந்தால், அந்தக் கிருமி போடாத மண்ணில் எவ்வளவு குறைந்தது என்று முதலில் கேளுங்கள்.