வீட்டைத் தின்னும் பூஞ்சையும் அதன் காட்டு உறவும்

ஐரோப்பாவின் பழைய வீடுகளில் தரைப்பலகையும் உத்தரமும் சில நேரம் பழுப்பேறி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினாலே பொடியாகிவிடும். பெரும்பாலும் செர்புலா லாக்ரிமன்ஸ் என்ற பூஞ்சையின் வேலை அது. அதன் நெருங்கிய உறவான செர்புலா ஹிமான்டியாய்டிஸும் மரத்தை இதே முறையில்தான் தின்கிறது: செல்லுலோஸைக் கரைத்துக்கொண்டு லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. ஆனால் அது பல கண்டங்களின் காடுகளில், விழுந்துகிடக்கும் ஊசியிலை மரங்களில் வாழ்கிறது. வீட்டுக்குள் அரிதாகவே வருகிறது. லாக்ரிமன்ஸ் கொடியது, அதனால் வீடுகளை அழிக்கிறது என்று சொல்லிவிடுவது எளிது. சான்றுகள் வேறு கதை சொல்கின்றன.

லாக்ரிமன்ஸின் பூர்விகம் ஆசியா என்று 2007இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஐரோப்பிய வீடுகளில் இருப்பவை ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடாதவை. சில மட்டுமே வந்து பெருகின என்பதற்கு அதுவே அடையாளம். காட்டில் அதைக் காண்பது அரிது. இமாச்சலப் பிரதேசத்தின் நார்கண்டா போன்ற உயரமான மலைக்காடுகளில் கண்டெடுத்திருக்கிறார்கள். காட்டு உறவுகளோடு ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு இதற்குக் காரணம் காட்டுகிறது: லாக்ரிமன்ஸ் மரத்தை மிக விரைவாகச் சிதைக்கிறது, இழைகள் வழியே நீரையும் சத்தையும் தொலைவுக்குக் கடத்துகிறது, ஆனால் வேறு பூஞ்சைகளோடு மோதினால் தோற்றுப்போகிறது. பல பூஞ்சைகள் ஒரே மரத்துக்குப் போட்டியிடும் காட்டில் அது பெரிய குறை. அறுத்துச் செதுக்கிய உத்தரத்திலோ அத்தனை எதிரிகள் இல்லை. சுவரின் சுண்ணாம்பும் அதற்கு உதவுகிறது. பூஞ்சை சுரக்கும் ஆக்சாலிக் அமிலத்தைச் சுண்ணாம்பிலுள்ள கால்சியம் கட்டிவைக்கிறது. ஆக, மனிதன் கட்டிய வீடு அதை மாற்றவில்லை. மலையில் பெற்ற இயல்புகளே வீட்டில் பலித்தன.

செங்கல் சுவரைத் தாண்டி நீரைச் சுமந்து செல்லும் பூஞ்சைக்கு எதிராக வீட்டை உலர வைத்து என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்; இந்த அச்சத்தால்தான் நல்ல மரத்தையும் பெயர்த்தெடுத்து மருந்து அடிக்கிறார்கள். ஆனால் சுமக்கும் நீர் எங்கிருந்தோ கிடைத்தாக வேண்டும்: ஒழுகும் கூரை, உடைந்த குழாய், ஈரம் ஏறிய சுவர். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றுவிட்டால் பூஞ்சையால் அங்கே தொடங்க முடியாது. வெப்பமும் அதற்கு ஆகாது. சுமார் 40 டிகிரி செல்சியஸைத் தொடர்ந்து தாங்காது என்பதால் டென்மார்க்கில் வீட்டையே சூடேற்றி அதைக் கொல்வதும் உண்டு. அழுகிய மரத்தை அகற்றத்தான் வேண்டும். ஆனால் ஒழுக்கை அடைக்காமல் மருந்து அடிப்பது வீண் செலவு.